நாலடி தூரத்தில் நிற்பவள்

அத்தியாயம் 11

"நேத்தும் வந்தா" என்றார் அப்பா.

அவருடைய தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து, வலது கண்ணுக்கு மேல் சொட்டு மருந்துப் பாட்டிலைக் கவிழ்த்திருந்த பெரியவளின் கை அப்படியே நின்றது. காலை மணி ஆறரை. வெளிச்சம் இன்னும் அந்த அறைக்குள் முழுதாக வரவில்லை.

"யாருப்பா?"

"தினமும் வர்றவதான். நாலு மணிக்கு. கதவுலேருந்து ஏழடி உள்ள வந்து நின்னா. கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவுல நாலடி. கொஞ்ச நேரம் அங்கயே நிப்பா. அப்புறம் கிட்ட வருவா."

"கிட்ட வந்து?"

"மருந்தைப் போடு. கழுத்து வலிக்குது" என்றார்.

பாட்டிலை அழுத்தினாள். முதல் சொட்டு இமையில் பட்டுக் கன்னத்தில் ஓடியது. பாட்டிலின் நுனி அவருடைய இமைமயிரைத் தொட்டுவிட்டது. ஒன்று தவறினாலும் இன்னொன்று உள்ளே போகட்டும் என்று எப்போதும் போல இன்னொரு சொட்டு விட்டாள். இடது கண்ணுக்கும் அப்படியே. அப்பா கண்களைக் கொட்டிக் கொட்டி மூடித் திறந்தார். வழிந்ததைத் துண்டால் துடைத்துவிட்டு மஞ்சள் மூடியைத் திருகினாள்.

இரண்டு வாரத்துக்கும் மேலாக இதே பேச்சு. வேறு யாராவது சொல்லியிருந்தால் வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். அப்பா முப்பத்தாறு வருடம் நிலம் அளந்தவர். கம்பையும் சங்கிலியையும் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் நடந்தவர். ஒரு சுவரைப் பார்த்தால் உயரத்தைச் சொல்லுவார். அரை அடி கூடப் பிசகாது. இல்லாத ஒருத்தியை ஒருவர் கற்பனை செய்யலாம். அவள் எத்தனை அடியில் நிற்கிறாள் என்று யாராவது கற்பனை செய்வார்களா?

அதைத்தான் பெரியவளால் தள்ளிவிட முடியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. இருக்கிற ஆட்களே அப்பாவுக்குப் பாதிதான் தெரிவார்கள். க்ளாக்கோமா அவருடைய பார்வையை ஓரங்களிலிருந்து சத்தமில்லாமல் தின்றுகொண்டு வந்திருந்தது. வலியே இல்லை. அதனால் பல வருடம் யாருக்கும் தெரியவும் இல்லை. தெரிந்தபோது, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதற்குள்ளே பார்ப்பது போல நடுவில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்து என்று டாக்டர் அன்றே சொல்லிவிட்டார். பக்கவாட்டிலிருந்து யார் வந்தாலும் அவருக்குச் சுவரைப் பிளந்துகொண்டு வந்தது போலத்தான் இருக்கும். காபி டம்ளரை நீட்டினால் திடுக்கிட்டுப் போவார்.

ஆனால் இவளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அப்பா திடுக்கிடவே இல்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார்.

முதல் வாரம் ஒரு நாள், "பாக்கறதுக்கு உங்கம்மா சாயல்" என்று வேறு சொல்லியிருந்தார்.

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

*

சமையலறையில் அவள் கணவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். எதையும் திருப்புளியால் கழற்றிப் பார்க்காமல் நம்பாதவன். அவன் முகத்திலும் இன்று சிரிப்பு சரியாக வரவில்லை.

"ஒண்ணு சொல்றேன், பயப்படாத" என்றான்.

"இப்படி ஆரம்பிச்சா பயப்படாம என்ன பண்றதாம்?"

"நம்ம லிஃப்டோட கன்ட்ரோல் பெட்டியைத் தொறந்து பாத்தேன். எந்த மாடிக்கு எத்தனை மணிக்குப் போச்சுன்னு அதுல பதிஞ்சிருக்கும். மத்தியானம் ரெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் அது கீழயேதான் நிக்கும். யாரும் இருக்க மாட்டாங்க இல்ல. ஆனா தினமும் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாலாவது மாடிக்கு ஏறுது. நாலரைக்கு இறங்குது. பதினேழு நாளா."

நாலாவது மாடியில் மூன்று வீடுகள். ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்றில் இருப்பவர்கள் இருட்டிய பிறகுதான் வருவார்கள். மூன்றாவது இந்த வீடு.

"பேயா இருந்தா லிஃப்டு எதுக்குங்க?" என்றாள் பெரியவள், தன் குரலே தனக்குக் கேட்கட்டும் என்று.

"முட்டி வலியோ என்னமோ" என்றான் அவன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அவன் வேலைக்குக் கிளம்பும்போது எல்லா அறை விளக்குகளையும் போட்டுவிட்டுப் போனான், பகல் வெளிச்சத்தில்.

*

பத்து மணிக்கு கண் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மாதாந்திரப் பரிசோதனை. பெரியவள் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். பதினோரு வருடமாக ஒலிபெருக்கியில் பேசுகிறவள். அவளுக்கு வேலை பன்னிரண்டிலிருந்து ஆறு வரை. அதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

நர்ஸ் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி பிடித்துப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு எப்பவுமே துடிப்பு இவ்வளவு கம்மியா?"

"எவ்வளவு இருக்கு?"

"நாப்பத்தி நாலு. தலை சுத்துதா ஐயா? களைப்பா இருக்கா?"

"எந்திரிச்சா கொஞ்சம் ஆட்டம் காட்டுது" என்றார் அப்பா. முந்தாநாள் குளியலறை வாசலில் அவர் சரிந்து சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பெரியவள் சொன்னாள்.

நர்ஸ் மஞ்சள் மூடிப் பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். "எப்படிப் போடறீங்க? எனக்குப் போட்டுக் காட்டுங்க. வெறும் தண்ணி பாட்டில் இந்தாங்க."

பெரியவள் போட்டுக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் தப்பாகப் பதில் சொன்னது போல இருந்தது.

"முதல்ல, கையைக் கழுவலையே நீங்க. ரெண்டாவது, நுனி இமையில படுது. கிருமி பாட்டிலுக்குள்ள போயிடும். கீழ் இமையை லேசா இழுத்தா ஒரு சின்னப் பை மாதிரி வரும் பாருங்க, அதுக்குள்ள ஒரே ஒரு சொட்டு. ரெண்டாவது சொட்டுக்கு அங்க இடமே கிடையாது. வெளியதான் வழியும், இல்லன்னா உள்ள இறங்கும்."

"உள்ளன்னா?"

"கண்ணு ஓரத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அது மூக்குக்குப் போகுது. அழுதா மூக்கு ஒழுகுது இல்ல, அதே வழி. அது வழியா மருந்து ரத்தத்துல கலந்துடும். இந்த மருந்து இதயத்தை மெதுவாக்கும். மூச்சுத் தொந்தரவு இருக்கறவங்களுக்கு அதையும் கெடுக்கும். அதனால போட்டதும் கண்ணைக் கொட்டக் கூடாது. மெதுவா மூடிக்கிட்டு, இங்க…" நர்ஸ் தன் மூக்குத் தண்டை ஒட்டிய கண் ஓரத்தில் விரலை வைத்து அழுத்திக் காட்டினாள். "ரெண்டு நிமிஷம். மணியைப் பாத்துப் பிடிங்க. வேற சொட்டு மருந்து ஏதாவது இருந்தா அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் அதைப் போடணும். பாட்டிலைத் திறந்த தேதியை அதுலயே எழுதி வைங்க. நாலு வாரம் ஆனா மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுடணும்."

"ஒரு சொட்டு அதிகமானதுக்கா இப்படி ஆகும்?"

நர்ஸ் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "எப்ப திறந்தீங்க?"

"ரெண்டு வாரம் ஆச்சு."

"காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை?"

"ஆமா. காலைல ஆறரை, சாயந்திரம் ஏழு. நான்தான் போடறேன்."

"அப்ப பாட்டில்ல குறைஞ்சது ரெண்டு சொட்டுக் கணக்குக்குச் சரியாத்தான் இருக்கு. ஆனா துடிப்பு இவ்வளவு இறங்கியிருக்கே." நர்ஸ் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

எதைக் கேட்டாலும் எண்ணில் பதில் சொல்லுகிற மனிதர் ஜன்னலைப் பார்த்தார். "அளவாத்தான்" என்றார்.

டாக்டர் வந்து இதயத் துடிப்பைப் பதிவெடுக்கச் சொன்னார். சீட்டைப் பார்த்துவிட்டு, இன்று மாலை மருந்து வேண்டாம், நாளைக் காலை மறுபடி வந்து காட்டுங்கள், அதற்கப்புறம் வேறு மருந்து மாற்றலாமா என்று பார்க்கலாம் என்றார். "நான் சொன்னதால நிறுத்தறோம். நீங்களா நிறுத்தினா கண்ணு போயிடும், புரியுதா? இன்னைக்கு இவரைத் தனியா விடாதீங்க. மயக்கம், மூச்சு வாங்கறது, எது வந்தாலும் உடனே கூப்பிடுங்க."

பெரியவள் அப்பாவைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். தணிந்த குரலில் கேட்டாள். "டாக்டர், இந்த மருந்து அதிகமானா இல்லாதது தெரியுமா? ஆளுங்க நிக்கற மாதிரி?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும் வராது. அபூர்வமா சிலருக்குக் குழப்பம், கெட்ட கனவு, இல்லாததைப் பாக்கறது எல்லாம் வரலாம். ஏன், அப்படி ஏதாவது சொல்றாரா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அப்பாடா என்று இருந்தது. மருந்துதான். தான் விட்ட ரெண்டாவது சொட்டுதான். அம்மாவும் இல்லை, பேயும் இல்லை. லிஃப்ட் ஏறுவது ஏதாவது கோளாறாக இருக்கும். தான் பழுது பார்க்காத எல்லா லிஃப்டும் கோளாறாகத்தான் ஓடுகிறது என்று அவள் கணவனே சொல்வான்.

திரும்பி வரும் வழியில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ வேலைக்குப் போவ இல்ல?"

*

மூன்று மணி வரைக்கும் அதைத்தான் நாலு விதமாகக் கேட்டார்.

இன்றைக்கு வேலையை வேறு ஒருத்திக்கு மாற்றிவிட்டதாகப் பெரியவள் சொன்னாள். "எதுக்கு? நான் என்ன குழந்தையா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணுக்கு உன்ன மாதிரி தெளிவா சொல்லத் தெரியாது. ஜனங்க பஸ்ஸைத் தவற விடுவாங்க" என்றார். அப்புறம் வெளுத்த சட்டை ஒன்று கேட்டார். போட்டுக்கொண்டு, கண்ணாடி இல்லாமலே தலையை வாரிக்கொண்டார். கட்டிலின் விரிப்பைக் கையால் தடவித் தடவிச் சுருக்கம் எடுத்தார்.

யாரையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிற மனிதர் இவர். பயந்து கிடப்பவர் இல்லை.

"சரிப்பா, இவ்வளவு சொல்றீங்க. நான் கிளம்பறேன்" என்றாள்.

கைப்பையை எடுத்தாள். வாசல் கதவைத் திறந்து, வெளியே போகாமலே சத்தமாகச் சாத்தினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குள் போய்க் கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்து உட்கார்ந்தாள். அங்கிருந்து அப்பாவின் கட்டில் தெரியும். தலைமாட்டில் ஜன்னல். பகல் வெளிச்சம் தரையில் நீளமாகக் கிடந்தது.

பயம் இருட்டில்தான் வரும் என்று யார் சொன்னது? பளிச்சென்ற நாலாவது மாடி வீட்டில், கீழே எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடிக்கிற சத்தத்தில், அவள் செருப்பை இன்னும் கையிலேயே பிடித்திருந்தாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லிஃப்ட் மேலே வரும் முனகல் கேட்டது. நின்றது. கதவு திறந்தது.

காலடிச் சத்தம் வராந்தாவில் வந்தது. மெத்தென்ற சத்தம். வாசலில் நின்றது.

பூட்டுக்குள் சாவி நுழைந்து திரும்பியது.

பெரியவளின் பார்வை அப்பாவிடம் போனது. அவர் யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கூரையை நோக்கித் தூக்கி வைத்திருந்தார். கழுத்து நரம்புகள் தெரிய, ஒரு குழந்தை சோற்றுக்கு வாயைத் திறந்து வைப்பது போல.

உள்ளே வந்தவளின் உருவம் கதவின் இடுக்கில் ஒரு கீற்றாகக் கடந்தது. ஒல்லியான பெண். தலையைக் கொஞ்சம் சாய்த்து நடந்தாள். அம்மாவின் நடை. பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவின் அறைக்குள் போய்ப் பாதி தூரத்தில் அவள் நின்றாள். கட்டிலைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். அப்பாவின் மூச்சுச் சத்தம் இங்கே கேட்டது. பிறகு அவள் திரும்பிக் குளியலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம். சோப்பு நழுவும் சத்தம்.

பேய் கை கழுவுமா?

அந்த ஒரு நினைப்பில்தான் பெரியவள் எழுந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், தோள்பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தாள். மஞ்சள் மூடி. அதைத் திருகிக்கொண்டே அப்பாவின் முகத்தின் மேல் குனிந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

அம்மா இல்லை. அம்மா அந்தச் சாயலை இவளுக்குத்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"போடாத" என்றாள் பெரியவள் வாசலில் நின்று.

ஒலிபெருக்கியில் பேசிப் பழகிய குரல். சுவரெல்லாம் அதிர்ந்தது. குனிந்திருந்தவளின் கையிலிருந்து மூடி நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது.

ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் தன் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை அது.

*

தொடர்ந்து படித்துவருகிறவர்களுக்குச் சின்னவளின் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு அவசர ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தபோது அப்பா எங்கோ ஒரு மலையடிவாரத்தில் நிலம் அளந்துகொண்டிருந்தார். வந்து சேர ஆறு மணி நேரம் ஆகும். காத்திருக்க முடியாது என்றார்கள். சின்னவள் கையெழுத்துப் போட்டாள். அம்மா மேசையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நான் வர்றதுக்குள்ள யார் உன்னைப் போடச் சொன்னது? உன் கையால போனா அவ" என்று அப்பா சொன்னார். அன்றிலிருந்து அவள் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

பேனாவைத் திறந்து தங்கையின் கையில் கொடுத்து, "போடுடி, நேரமில்ல" என்று சொன்னது பெரியவள்தான். அது அக்கா தங்கை இருவருக்கு மட்டும் தெரியும். அப்பா கத்தியபோது பெரியவள் வாயே திறக்கவில்லை.

*

"சாவி எப்படி வந்தது?" என்றாள் பெரியவள். கேட்க எத்தனையோ இருக்க, அதுதான் வாயில் வந்தது.

"என்கிட்ட இருந்த சாவிதான். நீங்க யாரும் திருப்பிக் கேக்கல." சின்னவள் பாட்டிலை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் கெடுதல் ஒண்ணும் பண்ணலக்கா. மருந்துதான் போட்டேன்."

"நான் காலைல போடறேன். சாயந்திரம் போடறேன். நடுவுல நீ வேற போட்டிருக்க. பதினேழு நாளா. அவருக்கு இன்னைக்குத் துடிப்பு நாப்பத்தி நாலு. எதனாலன்னு ஆஸ்பத்திரியில யாருக்கும் புரியல."

சின்னவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். "நீ போடறதில்லைன்னு நெனச்சேன். வேலை, வேலைன்னு மறந்துடறயோன்னு. முதல் நாள் நான் அவர்கிட்ட ஒரு விஷயம் கேக்கத்தான் வந்தேன். கண்ணை மூடிக்கிட்டு இருந்தாரு. சத்தம் கேட்டதும், 'வந்துட்டியா, மருந்து போடு'ன்னாரு. நீன்னு நெனச்சுட்டாரு. பேசினா குரல் தெரிஞ்சிடும். போகச் சொல்லிடுவாரு. தலைமாட்டுல இருந்த பாட்டிலைப் பாத்தா, என்கிட்ட இருக்கற அதே மருந்து. அது குறைஞ்சா தெரிஞ்சிடும்னு என்கிட்ட இருந்ததைப் போட்டுட்டேன். மறுநாள் வந்தா, முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்காரு."

"கேட்டிருக்கணும்டி. என்னைக் கேட்டிருக்கணும்."

"உன்னையா?" என்றாள் சின்னவள்.

அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது. பெரியவள் பார்வையை அப்பாவின் பக்கம் திருப்பினாள்.

"அப்பா. இது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அப்பா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "முதல் நாள் தெரியாது" என்றார், பெரியவளிடம். "ரெண்டாம் நாள் தெரிஞ்சுது. கதவுலேருந்து கட்டிலுக்கு வர உனக்கு ஆறு தப்படி. அவளுக்கு ஏழு. சின்ன வயசுலேருந்தே ஏழு."

"தெரிஞ்சும் நடுவுல இன்னொரு தடவை போட விட்டீங்களா? அளவுக்கு மேல போகக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? பேய் வருது, நிக்குதுன்னு என்னைப் பயமுறுத்தினீங்களே."

"பேய்னு நான் சொல்லவே இல்ல. நீயா நெனச்ச. ஒருத்தி வர்றா, நிக்கறான்னு சொன்னேன். அது உண்மைதான்." அவர் தொண்டையைச் செருமினார். "பேரைச் சொல்லக் கூடாதுன்னு நானே சொல்லிட்டேன். வேற எப்படிச் சொல்றது? யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்தது."

"மருந்து போட்டாச்சுன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?" என்றார் அப்பா. "மறுநாள் அவ எதுக்கு வருவா?"

குளியலறைக் குழாயைச் சின்னவள் சரியாக மூடியிருக்கவில்லை, சொட்டிக்கொண்டிருந்தது.

"அவளை ஒண்ணும் சொல்லாத" என்று அப்பா கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டு எழுந்தார். வேகமாக எழுந்துவிட்டார். நின்ற இடத்திலேயே முகம் வெளுத்தது. கை காற்றில் எதையோ துழாவியது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து பிடித்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். அப்பாவின் எடை முழுவதும் அவர்கள் கையில் இறங்கியது. படுக்க வைத்தார்கள். சின்னவள் தலையணையை எடுத்துக் கால்களுக்கு அடியில் வைத்தாள். பெரியவள் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் இருந்த இடைவெளி நீளமாக இருந்தது. அடுத்தது வருமா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது.

நாற்பத்தி ஒன்று.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அதே நர்ஸ்தான் எடுத்தாள்.

"பேசறாரா? மூச்சு சரியா விடறாரா?"

"பேசறாரு. மூச்சு பரவால்ல. இன்னொருத்தரும் மருந்து போட்டிருக்காங்க, தெரியாம. தினமும் நாலு மணிக்கு."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "அதான் விஷயமா. இன்னைக்குப் போட்டாச்சா?"

"இல்ல. தடுத்துட்டேன்."

"நல்ல வேளை. நடக்க விடாதீங்க, படுத்தே இருக்கட்டும். வண்டி அனுப்பறேன், பத்து நிமிஷத்துல வந்துடும். அந்த இன்னொரு பாட்டில் கையில இருக்கா? அதுல இருக்கறதை அப்படியே வாசிங்க. எவ்வளவு வீரியம்னு டாக்டருக்குத் தெரியணும்."

பெரியவள் கையை நீட்டினாள். சின்னவள் பாட்டிலைக் கொடுக்கத் தயங்கினாள். "அக்கா, அது நான் சொல்றேன்…" என்றாள். பெரியவள் அதற்குள் வாங்கிவிட்டாள்.

வாசித்தாள். மருந்தின் பெயர் அதே பெயர். வீரியமும் அதேதான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. திறந்த தேதியைப் பேனாவால் அழகாக எழுதியிருந்தது.

"அதே மருந்துதான்" என்றாள் நர்ஸ். "யாருக்கு எழுதிக் கொடுத்தது? ஒருத்தரோடதை இன்னொருத்தருக்குப் போடவே கூடாது. பேரு, வயசு இருக்கும் பாருங்க."

மருந்துக்கடையில் ஒட்டிய சீட்டில் அடுத்த வரிக்குப் போனாள். அப்பாவின் பெயர் அங்கே இல்லை. ஆறு வருடமாக இந்த வீட்டில் யாரும் எடுக்காத பெயர் இருந்தது.

பதினோரு வருடம் ஒரு அறிவிப்பிலும் தடுமாறாத குரல் நின்றுவிட்டது.

சின்னவள் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. இப்போது வேண்டாம், அவர் முன்னால் வேண்டாம்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அப்பா கட்டிலிலிருந்து. "வாசி."

"அப்பா, வண்டி வந்துடும். நீங்க பேசாம…"

"வாசின்னு சொல்றேன்ல."

"வயசு," என்றாள் பெரியவள். "முப்பத்தி நாலு."

போனில் நர்ஸ் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணைத் திறந்தார். அவருக்கு மிஞ்சியிருந்த அந்தச் சின்ன வட்டத்தைக் கொண்டு அறையை மெதுவாகத் துழாவினார். அலமாரி, கதவு, பெரியவளின் தோள். அப்புறம் சின்னவளின் முகத்தில் வந்து அது நின்றது.

"இதைக் கேக்கத்தான் வந்தியா?" என்றார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவளிடம். "வீட்டுல வேற யாருக்காவது இருக்கான்னு டாக்டர் கேட்டாரா?"

சின்னவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"எந்தக் கண்ணும்மா?" என்றார் அப்பா.

"ரெண்டும்ப்பா" என்றாள் சின்னவள்.